என் மாத்திரையால்தான் அவருக்குச் சிறுநீர் அடைத்துக்கொண்டதா?

விருதுநகர் பக்கத்திலிருந்து ஒரு சகோதரி எட்டுப் பக்கம் எழுதியிருக்கிறார். வயது 61. சத்துணவு அமைப்பாளராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். 14 வருடமாக ஷுகர், அதோடு பிரஷரும் உண்டு. அவருடைய அனுமதியோடு, ஆள் அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றி, சுருக்கித் தருகிறேன்.

போன ஆடியிலிருந்து அவருக்கு இரண்டு பாதமும் எரிகிறது. "அம்மியில் வற்றல் அரைத்துவிட்டுக் கையைக் கழுவாமல் விட்டால் எரியுமே, அந்த எரிச்சல். ராத்திரி பன்னிரண்டு மணிக்கு எழுந்து போய், ஈர சிமெண்டுத் தரையில் காலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்" என்கிறார். வழக்கமாகப் பார்க்கும் ஷுகர் டாக்டர், இரவில் போடச் சொல்லி அமிட்ரிப்டிலின் 10 மில்லிகிராம் எழுதினார். ஒரு மாதம் கழித்து அதை 25 ஆக்கினார். எரிச்சல் பாதியாகக் குறைந்தது, தூக்கமும் வந்தது. கூடவே வாய் காய ஆரம்பித்தது. இரண்டு நாளைக்கு ஒருமுறைதான் மலம் போகிறது. ஊசியில் நூல் கோக்க முடியவில்லை. ஐந்து மாதத்தில் நான்கு கிலோ ஏறிவிட்டது. ஒரு நாள் விடியற்காலையில் பாத்ரூம் போக எழுந்தவர் கண் இருட்டிக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறார்.

இந்தச் சமயத்தில் பெங்களூரிலிருந்து வந்த மகன் மாத்திரைப் பெயரை போனில் தேடிப் பார்த்துவிட்டு, "அம்மா, இது மனநோய்க்குக் கொடுக்கிற மாத்திரை, கால் எரிச்சல் என்று சொல்லி உன்னை ஏமாற்றிவிட்டார்கள்" என்று சத்தம் போட்டிருக்கிறார். அன்றோடு நிறுத்தியாகிவிட்டது. மூன்றாம் நாள் குமட்டல், வியர்வை, எரிச்சலான மனநிலை, சுத்தமாகத் தூக்கமில்லை. ஐந்தாம் நாள் கால் எரிச்சல் பழையபடி திரும்பிவிட்டது. "அடிமையாகிவிட்டேன் போல" என்று பயந்து, காய் நறுக்கும் கத்தியால் மாத்திரையைப் பாதியாக வெட்டி, ஒரு நாள் பாதி, ஒரு நாள் முழுசு என்று இப்போது போட்டுக்கொண்டிருக்கிறார்.

இதுவரை எழுதியது நான்கு பக்கம். மீதி நான்கு பக்கம் கணவரைப் பற்றியது. அவருக்கு வயது 67. "ராத்திரி நாலு தடவை எழுந்திருப்பார், நின்று நின்றுதான் போவார், வயசானால் அப்படித்தான் என்று விட்டுவிட்டோம்." சளி பிடித்து மூக்கடைத்துத் தூக்கமில்லாமல் தவித்தவருக்கு மெடிக்கல் ஷாப்பில் கேட்டு ஜலதோஷ மாத்திரை வாங்கிக் கொடுத்திருக்கிறார்கள். அதிலும் தூக்கம் வராததால், "நான் நன்றாகத் தூங்குகிறேனே" என்று சகோதரி தன் மாத்திரையை இரண்டு இரவு கொடுத்தார். இரண்டாம் இரவு ஒன்றரை மணிக்கு அவரால் சிறுநீர் கழிக்க முடியவில்லை. அடிவயிறு தேங்காய் மாதிரி புடைத்துக்கொண்டது. ஆஸ்பத்திரியில் டியூப் போட்டபோது முக்கால் லிட்டருக்கு மேல் வந்ததாம். ஐந்தாம் நாள் டியூபை எடுத்தார்கள், இப்போது தானாகப் போகிறது. பிராஸ்டேட் (மூத்திரப்பைக்குக் கீழே, சிறுநீர் வரும் வழியைச் சுற்றியுள்ள சுரப்பி) வீங்கியிருக்கிறது, அடுத்த மாதம் வாருங்கள், ஆபரேஷன் தேவையா என்று பேசலாம் என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள்.

"நான் மாத்திரை கொடுத்ததை டாக்டரிடம் சொல்லவில்லை. யாரிடமும் சொல்லவில்லை. என் நாத்தனார் கூடவே நின்றார். சொன்னால் சும்மா விடுவாரா? என் மாத்திரையால்தான் இப்படி ஆனதா? எனக்கு மனநோயா? நான் இதை நிறுத்தலாமா?" என்று கேட்டிருக்கிறார். கடைசிப் பக்கத்தின் ஓரத்தில் பொடி எழுத்தில் இன்னொரு வரியும் இருந்தது. அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் மகன் சொன்னதிலிருந்து ஆரம்பிக்கலாம். அவர் தேடிப் பார்த்தது தப்பில்லை, பாதிதான் படித்திருக்கிறார். அமிட்ரிப்டிலின் மனச்சோர்வுக்கான மருந்தாகத்தான் 1961-இல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தது. இந்தக் குடும்பத்தில் மூத்தது இமிப்ரமின். 1950-களில் ஸ்விட்சர்லாந்தில் ரோலண்ட் கூன் என்ற மனநல மருத்துவர், வேறொரு மனநோய்க்குப் பயன்படுமா என்று அதைக் கொடுத்துப் பார்த்தார். அந்த நோய் மசியவில்லை. ஆனால் மனச்சோர்வில் கிடந்தவர்கள் எழுந்து நடமாட ஆரம்பித்தார்கள். மூலக்கூறில் மூன்று வளையங்கள் இருப்பதால் இந்த மருந்துகளுக்கு மூவளைய மருந்துகள் என்று பெயர். பின்னால்தான் இவை நரம்பு வலியையும் அடக்குகின்றன என்று தெரிந்தது, அதுவும் மனச்சோர்வே இல்லாதவர்களுக்கும், குறைந்த அளவிலேயே. வலிச் செய்தி காலிலிருந்து தண்டுவடம் வழியாக மேலே போகும்போது, மூளை மேலிருந்து ஒரு கட்டளை அனுப்பி அதை மட்டுப்படுத்தும். அந்தக் கட்டளைக்கு இந்த மாத்திரை பலம் கொடுக்கிறது.

ஒரு மாத்திரைக்கு ஒரே வியாதிதான் என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். பிரஷருக்குக் கொடுக்கும் ப்ரோப்ரனலாலை ஒற்றைத் தலைவலிக்கும் கை நடுக்கத்துக்கும் எழுதுகிறோம். அதற்காகத் தலைவலிக்காரருக்கு பிரஷர் என்று ஆகிவிடுமா? மனச்சோர்வுக்கு அமிட்ரிப்டிலின் கொடுத்தால் சாதாரணமாக 75 முதல் 150 மில்லிகிராம் வரை போக வேண்டியிருக்கும். உங்களுக்கு எழுதியது 10, பிறகு 25. அது நரம்பு வலிக்கான அளவு. உங்கள் டாக்டர் ஏமாற்றவில்லை. ஆனால், "இதுக்கு இன்னொரு உபயோகமும் உண்டும்மா, பெயரைப் பார்த்துப் பயப்படாதீர்கள், வாய் காயும், எழுந்திருக்கும்போது மெதுவாக எழுந்திருங்கள்" என்று அரை நிமிடம் பேசியிருக்கலாம். அந்த அரை நிமிடம் பேசாததால் ஒரு வீட்டில் இத்தனை நடந்திருக்கிறது. எங்கள் ஆட்கள் மேல் எனக்கு உள்ள குறை இது.

ஒரு சுவிட்சைத் தட்டினால் நாலு விளக்கு

நீங்கள் வேலை பார்த்த பள்ளிக்கூடத்துப் பழைய சுவிட்ச் போர்டை நினைத்துப் பாருங்கள். ஃபேனுக்கென்று ஒன்றைத் தட்டினால் வராண்டா விளக்கும் சேர்ந்து அணையும். இந்த மாத்திரை அந்தக் காலத்து வயரிங். வலியைக் குறைக்கப் போகிற வழியில் வேறு சில சுவிட்சுகளையும் தட்டிவிடுகிறது. எது எதைத் தட்டுகிறது என்பது ஐம்பது அறுபது வருடமாகத் தெரிந்த விஷயம். அதனால் உங்கள் உபாதை ஒவ்வொன்றுக்கும் காரணம் சொல்ல முடியும். நான் ஹவுஸ் சர்ஜனாக இருந்தபோது ஒரு சீனியர் சொல்லித் தந்தார்: "இந்த மாத்திரையை எழுதினால் வாய், வயிறு, மூத்திரம், கண், நாலையும் கேட்காமல் அடுத்த சீட்டு எழுதாதே." அந்த நாலையும் ஆட்டிவைப்பது ஒரே ரசாயனம், அசிட்டைல்கோலின். அதன் வேலையை இந்த மாத்திரை தடுக்கிறது.

வாய் காய்வது அதனால்தான். ஆரஞ்சு மிட்டாயை வாயில் அடக்கிக்கொள்வதாக எழுதியிருக்கிறீர்கள், ஒரு நாளைக்கு ஏழெட்டு. சகோதரி, ஏறிய நான்கு கிலோவில் அந்த மிட்டாய்க்கும் பங்கு உண்டு, ஷுகரிலும் உண்டு. எச்சில் குறைந்த வாயில் சர்க்கரை தங்கினால் பல்லும் சீக்கிரம் சொத்தையாகும். ஒரு ஏலக்காயையோ சர்க்கரை இல்லாத சூயிங் கம்மையோ மெல்லுங்கள். தண்ணீரை மடக்கு மடக்காகக் குடிக்காமல், பக்கத்தில் டம்ளரை வைத்துக்கொண்டு அவ்வப்போது நாக்கை நனையுங்கள். இந்த உபாதை பலருக்குச் சில வாரங்களில் ஓரளவு பழகிவிடும், சிலருக்குப் பழகாது.

மலச்சிக்கலுக்குக் கீரை, வாழைத்தண்டு, கொய்யா, தேவையானால் இசப்கோல் போதும். இசப்கோல் எடுத்தால் தண்ணீர் நிறையக் குடிக்க வேண்டும், இல்லாவிட்டால் அதுவே அடைத்துக்கொள்ளும். வயிறு உப்பி, வாந்தியும் வந்து, காற்றுகூடப் பிரியவில்லை என்றால் வீட்டு வைத்தியம் வேண்டாம், உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

நூல் கோக்க முடியாததற்கும் அதே காரணம்தான். கிட்டத்துப் பொருளுக்குக் கண் குவிய முடியாமல் போகிறது. இதற்காகப் புதுக் கண்ணாடி வாங்கிவிடாதீர்கள், மாத்திரை அளவு மாறினால் பார்வையும் மாறும். ஆனால் கண் டாக்டரை ஒருமுறை பார்த்தே ஆகவேண்டும். 14 வருட ஷுகருக்கு விழித்திரைப் பரிசோதனை எப்படியும் வேண்டும். அப்போதே, "கண் நீர் அழுத்தம் திடீரென்று ஏறும்படி என் கண்ணின் கோணம் குறுகலாக இருக்கிறதா?" என்றும் கேளுங்கள். குறுகலான கோணம் உள்ளவர்களுக்கு இந்த மாத்திரை கண்ணுக்கே ஆபத்தாகலாம். கண் சிவந்து, தாங்க முடியாத வலியோடு, விளக்கைச் சுற்றி வளையம் தெரிந்து, வாந்தி வந்தால் அன்றைக்கே, அந்த மணி நேரத்திலேயே கண் ஆஸ்பத்திரியில் இருக்க வேண்டும்.

எடை ஏறுவதும், காலையில் தலை பாரமாக இருப்பதும் வேறொரு சுவிட்ச். அலர்ஜி மாத்திரை போட்டால் தூக்கம் வருமே, அதே வழி. நீங்கள் இரவு பதினொரு மணிக்கு, படுக்கப் போகும்போது போடுகிறீர்கள். எட்டு, எட்டரைக்கே போட்டுவிட்டால் காலைக் கலக்கம் குறையுமா என்று டாக்டரிடம் கேளுங்கள். பலருக்கு இந்த ஒரு மாற்றமே போதும்.

என்னைக் கவலைப்படுத்தியது அந்தக் கதவுதான்

வாயும் வயிறும் தொல்லை, அவ்வளவுதான். விடியற்காலையில் கண் இருட்டிக் கதவைப் பிடித்துக்கொண்டீர்களே, அது ஆபத்து. படுத்திருப்பவர் எழுந்ததும் ரத்தக் குழாய்கள் இறுகி, ரத்தத்தைத் தலைக்கு அனுப்ப வேண்டும். இந்த மாத்திரை அதைத் தளர்த்திவிடுகிறது. உங்கள் பிரஷர் மாத்திரையும் இரவில்தான். நாள்பட்ட ஷுகர் இந்த வேலையைச் செய்யும் நரம்புகளையே மழுங்கடித்திருக்கலாம். மூன்றும் சேர்ந்துதான் அந்தக் கதவு. நம் வயதில் இடுப்பு எலும்பு முறிந்தால் அது எங்கே கொண்டுபோய் விடும் என்று உங்கள் தெருவிலேயே பார்த்திருப்பீர்கள்.

படுத்தபடி ஒருமுறையும், எழுந்து நின்று மூன்று நிமிடத்துக்குள் ஒருமுறையும் பிரஷர் பார்க்கச் சொல்லுங்கள். மேல் எண் 20-ஓ அதற்கு மேலோ இறங்கினால் பிரஷர் மாத்திரையின் நேரத்தையோ இந்த மாத்திரையின் அளவையோ மாற்ற வேண்டும். அதுவரை கட்டில் ஓரத்தில் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்து, அறுபது எண்ணிவிட்டு எழுந்திருங்கள். பாத்ரூம் வழியில் ஒரு சின்ன பல்பு எரியட்டும்.

இதயத்தைப் பற்றி ஒன்று. இந்த மாத்திரை இதயத்துடிப்பின் மின்னோட்டத்தைக் கொஞ்சம் தாமதப்படுத்தும். ஆரோக்கியமான இதயத்துக்கு 25 மில்லிகிராம் பொருட்டில்லை. ஆனால் அந்த மின்னோட்டத்தில் அடைப்போ துடிப்புக் கோளாறோ உள்ளவர்களுக்கு, சமீபத்தில் மாரடைப்பு வந்தவர்களுக்கு இது ஆகாது. 61 வயது, 14 வருட ஷுகர் என்றால் ஒரு ஈசிஜி எடுத்துப் பார்த்திருக்க வேண்டும். எடுத்ததாக நீங்கள் எழுதவில்லை. எடுத்துக்கொள்ளுங்கள். வலி தாங்காமல் ட்ரமடால் கலந்த மாத்திரை எதுவும் போடுகிறீர்களா என்பதையும் டாக்டரிடம் சொல்லுங்கள், இரண்டும் சேர்ந்தால் வலிப்பு வரும் அபாயம் கூடும்.

அடிமையாகவில்லை

அடிமைத்தனம் என்றால் அளவு ஏறிக்கொண்டே போக வேண்டும், அதற்காக மனம் அலைய வேண்டும், வேலையையும் வீட்டையும் விட்டு அதன் பின்னால் ஓட வேண்டும். உங்களுக்கு நடந்தது அது இல்லை. மாதக்கணக்கில் தடுக்கப்பட்டிருந்த ரசாயனம், தடை திடீரென்று விலகியதும் ஒரேயடியாகப் பாய்ந்தது. குமட்டல், வியர்வை, தூக்கமின்மை எல்லாம் அந்தப் பாய்ச்சல்தான். இரண்டு மூன்று வாரத்தில் படிப்படியாகக் குறைத்திருந்தால் பெரும்பாலும் ஒன்றும் தெரிந்திருக்காது. ஐந்தாம் நாள் கால் எரிச்சல் திரும்பியது வேறு கதை: மாத்திரை அடக்கி வைத்திருந்த வியாதி வெளியே வந்துவிட்டது.

ஒரு நாள் பாதி, ஒரு நாள் முழுசு என்பதை மட்டும் இன்றே விடுங்கள். டாக்டரைப் பார்க்கும் வரை தினமும் பாதி, ஒரே நேரத்தில். இந்த வாரத்துக்குள் போய்ப் பாருங்கள். 10 மில்லிகிராம் மாத்திரை தனியாகவே கிடைக்கிறது, கத்தி வேண்டாம்.

நிறுத்தலாமா என்றால், நிறுத்தலாம். மாற்று இருக்கிறது. ஆனால் சும்மா வருகிற மாற்று எதுவும் இல்லை. டுலோக்செட்டின் வாயையும் மலத்தையும் இவ்வளவு படுத்தாது, ஆரம்பத்தில் குமட்டும், பிரஷரைக் கவனிக்க வேண்டும். அதுவும் மனச்சோர்வு மருந்துதான் என்பதை மகனிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்! ப்ரீகாபலின் தலைசுற்றலும் கால் வீக்கமும் தரலாம், எடையும் ஏற்றும். இதே குடும்பத்து நார்ட்ரிப்டிலின் கொஞ்சம் சாது. இங்கே ஒரு எச்சரிக்கை. ப்ரீகாபலின், நார்ட்ரிப்டிலின், வைட்டமின் பி12 மூன்றையும் ஒன்றாகக் கலந்த மாத்திரைகள் நம் ஊரில் ஏராளம். "நரம்புக்குச் சத்து மாத்திரை" என்று நினைத்துப் போடுகிறவர்கள் அதிகம். பழைய மாத்திரையையும் விடாமல் இதையும் சேர்த்தால் ஒரே வகை மருந்தை இரட்டிப்பாக்குகிறீர்கள். அட்டையின் பின்பக்கத்துப் பொடி எழுத்தைப் படித்துக்காட்டச் சொல்லுங்கள்.

இன்னொன்று, உங்கள் கடிதத்தில் மெட்ஃபார்மின் பத்து வருடத்துக்கு மேல் என்று பார்த்தேன். அது சிலருக்கு உடம்பில் பி12-ஐக் குறைத்துவிடும். பி12 குறைந்தாலும் பாதம் எரியும். ஒரு ரத்தப் பரிசோதனை போதும், குறைவாக இருந்தால் அதைச் சரிசெய்வது சுலபம். ஈரத் தரையில் காலை வைப்பதில் தப்பில்லை. ஆனால் ஐஸ் தண்ணீர், வெந்நீர் இரண்டிலும் முக்காதீர்கள். உணர்ச்சி மழுங்கிய கால் வெந்துபோனாலும் உங்களுக்குத் தெரியாது.

அந்தப் பொடி எழுத்து வரி

"மூன்று மாத மாத்திரை மொத்தமாக வாங்கி வைத்திருக்கிறேன், சில ராத்திரி எல்லாம் இதோடு முடிந்தால் போதும் என்று இருக்கிறது" என்று எழுதியிருந்தீர்கள். அந்த வரிக்காகத்தான் கடிதம் கிடைத்த அன்றே உங்களுக்குத் தனியாக எழுதினேன், போனிலும் பேசினோம். மற்றவர்களுக்காக இங்கேயும் சொல்கிறேன். இந்த மாத்திரை அளவோடு இருக்கும் வரை சாது. அளவு மீறினால் இதயத்தைப் பிடித்துவிடும், பிழைக்க வைப்பது எங்களுக்கே கஷ்டம். எனவே வீட்டில் மொத்தமாக வாங்கி வைக்கக் கூடாது. உங்கள் மகள் அட்டைகளை எடுத்துப் போய், வாரத்துக்கு ஏழு நாள் மாத்திரை மட்டும் கொடுக்க ஒப்புக்கொண்டது நல்லது. மூன்று வயதுப் பேரன் வந்து போகிற வீடு என்பதும் இன்னொரு காரணம். குழந்தை தவறி எடுத்துவிட்டால், ஒன்றுதானே என்று காத்திருக்காமல் 108-ஐக் கூப்பிட வேண்டும்.

இன்னொரு தப்பான கணக்கையும் திருத்த வேண்டும். "மனசுக்கான மாத்திரைதானே போடுகிறேன், அப்போ மனசும் சரியாகத்தானே வேண்டும்" என்று போனில் கேட்டீர்கள். 25 மில்லிகிராம் மனச்சோர்வுக்குப் போதாது. ஆக, மகன் எதற்குப் பயந்தாரோ அந்தச் சிகிச்சை உங்களுக்கு நடக்கவே இல்லை. வேலை விட்ட பிறகு விடிந்தால் செய்ய ஒன்றுமில்லை, சாப்பாட்டில் ருசியில்லை, டிவி முன்னால் உட்கார்ந்து அழுகிறேன் என்று நீங்கள் சொன்னதைப் பார்த்தால், ஒரு மனநல மருத்துவர் உங்களை நேரில் பார்ப்பது நல்லது என்பது என் கருத்து. மாவட்டத் தலைமை மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. போனால் ஊருக்குத் தெரியுமோ என்று தயங்க வேண்டாம். 2017-ஆம் ஆண்டு மனநலச் சட்டப்படி உங்கள் விவரத்தை ரகசியமாக வைப்பது அவர்கள் கடமை. சிகிச்சை என்ன, பக்க விளைவு என்ன என்று கேட்டுத் தெரிந்துகொள்வது உங்கள் உரிமை. ராத்திரியில் அந்த நினைப்பு வந்தால் 14416 என்ற மனநல உதவி எண்ணைக் கூப்பிடுங்கள். இலவசம், எந்நேரமும் தமிழில் பேசலாம்.

இனி உங்கள் வீட்டுக்காரர்

உங்கள் மாத்திரையால்தான் ஆனதா? பங்கு உண்டு. அதை மறைத்து ஆறுதல் சொல்ல மாட்டேன். ஆனால் நீங்கள் நினைக்கிற அளவு இல்லை.

மூத்திரப்பை சுருங்கினால்தான் சிறுநீர் வெளியே வரும். அந்தச் சுருக்கத்தை இந்த மாத்திரை தளர்த்தும். அது மட்டும் என்றால் பெரும்பாலான ஆண்கள் சமாளித்துவிடுவார்கள். உங்கள் வீட்டில் வழியே ஏற்கெனவே குறுகிக் கிடந்தது. ராத்திரி நாலு தடவை எழுந்ததும், நின்று நின்று போனதும் பிராஸ்டேட் வீக்கத்தின் அடையாளங்கள், வயசு என்று விட்டுவிட்டீர்கள். அதன் மேல் ஜலதோஷ மாத்திரை. அவற்றில் பலவற்றில் குளோர்ஃபெனிரமின் போன்ற அலர்ஜி மருந்து இருக்கும், அதுவும் மூத்திரப்பையைத் தளர்த்தும். மூக்கடைப்பைத் திறக்கும் மருந்தும் இருக்கும், அது மூத்திரப்பையின் வாயை இறுக்கும். பை தளர்ந்தது, வாய் இறுகியது, வழி குறுகியது. மூன்றாவதாக உங்கள் மாத்திரை. முதல் நாள் போட்டது உடம்பை விட்டுப் போவதற்குள் இரண்டாம் நாள் மாத்திரையும் சேர்ந்துகொண்டது. இரண்டாம் இரவில் அடைத்துக்கொண்டதற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

வயதான ஆண்களுக்கு ஜலதோஷ மாத்திரை மட்டும் கொடுத்தே சிறுநீர் அடைத்துக்கொண்டு வருகிறவர்களை எல்லா அவசரப் பிரிவுகளிலும் பார்க்கலாம். நீங்கள் கொடுக்காமல் இருந்திருந்தாலும் வரும் மழைக்காலத்தில் இன்னொரு ஜலதோஷத்தில் இது நடந்திருக்கலாம். தூக்கமில்லாமல் தவித்த மனிதருக்கு, தனக்குப் பலன் கொடுத்ததைக் கொடுத்தீர்கள். நம் வீடுகளில் மாத்திரை அப்படித்தான் கை மாறுகிறது, ஊறுகாய் மாதிரி. இனி மாற வேண்டாம்.

ஆனால் மறைத்தது சரியில்லை. அந்த டாக்டருக்குத் தெரிந்தது இவ்வளவுதான்: 67 வயது, பிராஸ்டேட் வீக்கம், காரணமே இல்லாமல் திடீரென்று அடைப்பு. அப்படி வந்தால் மறுபடி அடைக்கும் வாய்ப்பு அதிகம் என்று கணக்குப் போடுவார், ஆபரேஷன் பேச்சு சீக்கிரம் வரும். இரண்டு மருந்துகள் தூண்டிவிட்ட அடைப்பு என்று தெரிந்தால் கணக்கு மாறக்கூடும். தூண்டியதை விலக்கினால் மாத்திரையிலேயே கொஞ்ச காலம் பார்க்கலாம் என்றும் அவர் சொல்லலாம். ஆபரேஷன் வேண்டாம் என்று நான் இங்கிருந்து சொல்லவில்லை, வீக்கத்தின் அளவு, மிச்சம் நிற்கும் சிறுநீர், சிறுநீரகத்தின் நிலை எல்லாம் பார்த்து அவர்தான் முடிவு செய்ய வேண்டும். முழு விவரத்தோடு முடிவு செய்யட்டும். டிஸ்சார்ஜ் சம்மரி உங்களிடம் இல்லை என்றால் எழுத்தில் கேளுங்கள். நோயாளி கேட்டால் 72 மணி நேரத்துக்குள் பதிவேடுகளைத் தர வேண்டும் என்பது மருத்துவ நெறிமுறை விதி.

அடைப்புக்குப் பிறகு டாம்சுலோசின் என்ற மாத்திரை கொடுத்திருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அதுவும் எழுந்து நிற்கும்போது தலைசுற்ற வைக்கும். இனி அந்த வீட்டில் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து அறுபது எண்ண வேண்டியவர்கள் இரண்டு பேர்.

வீட்டுக்காரரிடம் முதலில் சொல்லுங்கள். இரண்டு நாள் அந்த மாத்திரையை விழுங்கியவர் அவர்தானே, அவருக்கு அது புதுச் செய்தியாக இருக்காது, இரண்டையும் முடிச்சுப் போட்டிருக்க மாட்டார், அவ்வளவுதான். பிறகு அடுத்த மாதச் செக்கப்புக்கு இரண்டு பேரும் சேர்ந்து போங்கள். மஞ்சள் பையில் வீட்டிலுள்ள எல்லா மாத்திரையையும் போட்டு எடுத்துக்கொள்ளுங்கள், ஜலதோஷ மாத்திரை அட்டையையும் சேர்த்து. உள்ளே போனதும் இதைச் சொன்னால் போதும்: "டாக்டர், அடைப்பு வந்த அன்றும் அதற்கு முந்தின நாளும் இவர் என்னுடைய அமிட்ரிப்டிலின் 25 ஒவ்வொன்று போட்டார். கூடவே இந்த ஜலதோஷ மாத்திரையும்." அவர் ஒரு நிமிடம் கடிந்துகொள்ளலாம். பிறகு பேனாவை எடுத்து நோட்டில் எழுதுவார்.

நாத்தனார் அதுவரை வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கட்டும்.